பஸ் நெரிசலில் பேர்ஸைக் காப்பாற்ற எதை வாங்குவது?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குத் தினமும் 100 அல்லது 101 பஸ்ஸில் போகிறேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. போன மாதம் சம்பளம் எடுத்த அன்று, காற்சட்டையின் பின் பொக்கட்டில் வைத்திருந்த பேர்ஸ் போய்விட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடை வரைக்கும் நடந்த பிறகுதான் தெரிய வந்தது. இப்போது ஒருவர் சங்கிலி போடச் சொல்கிறார். இன்னொருவர் றப்பர் பாண்ட் போதும் என்கிறார். போனோடு இணைகிற புளூடூத் வில்லை ஒன்றை வாங்கு என்கிறான் நண்பன். எது உண்மையில் உதவும்? அடையாள அட்டையும் அதோடு போய்விட்டது. பொலிஸுக்குப் போகாமலே புதிது எடுக்கலாம் என்கிறார்கள், அது சரியா?

பதில்: றப்பர்தான் தம்பி. ஆனால் பொட்டலம் கட்டுகிற மஞ்சள் றப்பர் பாண்ட் வேண்டாம். பழைய மோட்டர் சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையம் இரண்டைப் பேர்ஸில் மாட்டி, முன் பொக்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒன்றும் பெரிதாக வராது. தோல் பை, பேர்ஸ் திருத்துகிற வேலையில் கொழும்பில் நெடுநாள் இருக்கிறவன் என்ற முறையில், காசு கொடுத்து வாங்கும் எதையும்விட இதையே முதலில் சொல்வேன்.

களவு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். பஸ்ஸில் பேர்ஸ் எடுப்பவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒருவர் உங்களுக்கு முன்னால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுவார். கையில் பத்திரிகையோ சொப்பிங் பையோ இருக்கும், அந்த மறைவில்தான் கை வேலை செய்யும். எடுத்த பேர்ஸ் அடுத்த நிமிடமே மூன்றாவது ஆளிடம் போய்விடும், ஆகவே எடுத்தவரைப் பிடித்தாலும் அவரிடம் ஒன்றும் இருக்காது. கொண்டக்டர் "இஸ்ஸரஹட யன்ன" (முன்னால் போங்கள்) என்று கத்தி எல்லோரையும் உள்ளே நெருக்கும் நேரம், சாரதி திடீரென்று பிரேக் போடும் நேரம், இறங்குமிடத்தில் வாசலில் முட்டிமோதும் நேரம், இவைதான் அவர்களுக்கு வேண்டிய நேரம். தோளில் ஒரு பலமான இடி விழும்போது, பொக்கட்டில் இரண்டு விரல் நுழைவதை உடம்பு கவனிப்பதில்லை.

இரண்டு விரல் என்றேன், அதைக் கவனியுங்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டுமே உள்ளே போகும். பேர்ஸின் விளிம்பை அவற்றுக்கு நடுவில் பிடித்து நேராக மேலே இழுப்பார்கள். அந்தப் பிடியில் பலம் கிடையாது. வழுவழுப்பான தோல் பேர்ஸ், வழுக்குகிற பொலியெஸ்டர் பொக்கட் துணி என்றால் பலமே தேவையில்லை, தானாக வந்துவிடும். றப்பர் வளையம் இருந்தால் அது துணியைப் பற்றிக்கொள்ளும். பேர்ஸோடு பொக்கட்டும், பொக்கட்டோடு காற்சட்டையும் சேர்ந்து இழுபடும். அவர் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். இழுத்தால் உங்களுக்குத் தெரியும். தெரிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், விட்டுவிடுவார்.

பூட்டிப் பாதுகாக்கிற பொருளைத் தேடாதீர்கள். யாரோ இழுக்கிறார்கள் என்று உங்களை உணர வைக்கிற பொருள்தான் வேண்டும். நீங்கள் கேட்ட மூன்றையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் வளையம் செய்யும் விதம். சைக்கிள் டியூப் எடுக்காதீர்கள், சுற்றளவு குறைவு, இறுக்கிப் பேர்ஸையே வளைத்துவிடும். த்ரீவீல் டியூப் பெரிது, தளர்ந்து போகும். மோட்டர் சைக்கிள் டியூப்பைத் தட்டையாக வைத்தால் அகலம் ஏழு எட்டு சென்டிமீற்றர் இருக்கும், சாதாரண மடிப்புப் பேர்ஸைக் குறுக்காகச் சுற்ற அது அளவாக இருக்கும். பஞ்சர் ஒட்டும் கடையில் கேட்டால் கழித்துப் போட்ட டியூப்பில் ஒரு துண்டு தருவார்கள். கூரான கத்தரிக்கோலால் குறுக்கே ஒன்றரை சென்டிமீற்றர் அகலத்துக்கு இரண்டு வளையம் வெட்டுங்கள். விளிம்பு நேராக வர வேண்டும், பிசிறாக வெட்டினால் அந்த இடத்திலிருந்து கிழிய ஆரம்பிக்கும்.

அப்புறம் பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது: வளையத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். டியூப் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வெள்ளைத் தூள் போட்டிருப்பார்கள். அந்தத் தூள் இருந்தால் றப்பர் பிடிக்காது, வழுக்கும். கழுவிக் காயவைத்த வளையத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், விரல் இழுபட்டு நிற்க வேண்டும்.

பேர்ஸில் ஒன்றை மேற்பக்கமாகவும் மற்றதைக் கீழ்ப்பக்கமாகவும் மாட்டுங்கள். பொக்கட்டுக்குள் வைக்கும்போது வளையங்கள் கிடையாக, அதாவது இழுக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் பாதிப் பலன்தான். பேர்ஸின் மடிப்பு மேலே வரட்டும். மேலிருந்து நுழைகிற விரலுக்கு மொத்தமான மடிப்புத்தான் அகப்படும், திறந்த பக்கம் அடியில் இருப்பதால் தாளை மட்டும் உருவவும் முடியாது.

மாட்டிய பிறகு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். தம்பியையோ நண்பனையோ பின்னால் நிற்கவைத்து, இரண்டு விரலால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வளையம் இல்லாமல், பிறகு வளையத்தோடு. இரண்டாவது தடவை உங்கள் இடுப்பே அந்தப் பக்கம் இழுபட வேண்டும். அப்படி வராவிட்டால் பொக்கட் துணி மிகவும் வழுக்குகிறது என்று அர்த்தம். தையற்காரரிடம் கொடுத்துப் பருத்தித் துணியில் பொக்கட்டை மாற்றுங்கள், மாற்றும்போதே கொஞ்சம் ஆழமாகவும் தைக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் றப்பர் பாண்டை ஏன் வேண்டாம் என்றேன்? அவசரத்துக்கு அதுவும் பரவாயில்லை, ஒன்றுமில்லாததைவிட நல்லது. ஆனால் நம் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் அது சீக்கிரம் பிசுபிசுத்துத் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பொக்கட்டுக்குள்ளேயே அறுந்து போகும். அப்படி ஒட்டிய பேர்ஸ்கள் என் மேசைக்கு வருகின்றன. சுரண்டி எடுத்தால் தோலின் நிறமும் சேர்ந்து வருகிறது. டியூப் றப்பர் நெடுங்காலம் தாங்கும். புதிதில் வெளிர் நிறத் தோலில் கொஞ்சம் கறுப்புப் படலாம், அவ்வளவுதான்.

சங்கிலி பற்றி எனக்குப் பயம் உண்டு. மிதிபலகையில் தொங்குகிற ஊர் இது. வெளியே தொங்கும் உலோகச் சங்கிலி பஸ் வாசலின் கம்பியில் சிக்கினால், பேர்ஸ் தப்பும், ஆள் விழுந்துவிடலாம். அதோடு, இந்தப் பொக்கட்டில்தான் காசு இருக்கிறது என்று அது எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறது. கட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் மெல்லிய நைலோன் கயிறு போதும், வெளியே தெரியாமல். ஒரு நுனியைப் பேர்ஸிலும் மறு நுனியைப் பொக்கட்டின் உள் தையலிலும் சேப்டி பின்னால் குத்துங்கள். பேர்ஸை நெஞ்சுவரை எடுத்துத் திறக்கக் கூடிய நீளம் இருந்தால் சரி. ஆடிவேல் ஊர்வலம், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா மாதிரி நாட்களில் கயிறும் வளையமும் சேர்த்தே போடுங்கள். அந்தக் கூட்டத்தில் தட்டுப்படுவது யாருடைய கை என்று யாருக்கும் தெரியாது.

புளூடூத் வில்லை நல்ல பொருள்தான், ஆனால் அது வேறு வேலைக்கு. போனிலிருந்து பேர்ஸ் விலகிப் போய்விட்டது என்று அது சொல்லும்போது பேர்ஸ் கைமாறியிருக்கும். காசை எடுத்துக்கொண்டு பேர்ஸைக் கானில் வீசிவிட்டுப் போவார்கள், அப்போது அட்டைகளையாவது தேடி எடுக்க அது உதவலாம். சம்பளக் காசை அது காப்பாற்றாது. மறதியாக எங்கேயாவது வைத்துவிடுகிற ஆளாக இருந்தால் வாங்குங்கள். வங்கி அட்டையைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள் என்று பயம்காட்டி விற்கிற விசேஷ பேர்ஸ்களும் இந்தத் தொல்லைக்கு மருந்து இல்லை, உங்களிடமிருந்து போனது பேர்ஸ் முழுவதும்.

பிளேட் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வளையமும் கயிறும் பிளேட்டைத் தடுக்காது. பிளேட் பட்ட பைகள் திருத்த வரும்போது வெட்டைப் பார்த்தாலே தெரியும்: ஒரே நேர்கோடு, பிசிறில்லாமல், சிப்புக்குக் கீழே அடிமூலையில் இருக்கும். பின் பொக்கட்டிலும் அப்படித்தான், அடித் தையலுக்குச் சற்று மேலே கிழித்துப் பேர்ஸைக் கீழ்வழியாக விழவைப்பார்கள். முன் பொக்கட் தொடையோடு ஒட்டி, உங்கள் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற இடத்தில் இருப்பதால் அங்கே பிளேட் வைக்கத் துணிகிறவர் குறைவு. பின் பொக்கட்டில் பேர்ஸ் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்வது இதற்காகத்தான். பொருள் வைக்கும் பை முதுகில் இருந்தால் பஸ்ஸில் ஏறுமுன் நெஞ்சுப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிப் பழக்கம். வளையம் போட்ட பேர்ஸைத் திறப்பது கொஞ்சம் தொல்லை. அந்தத் தொல்லை தாங்காமல் நான்காம் நாளே கழற்றி வைத்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதற்கு ஒரே வழி, பஸ்ஸில் பேர்ஸை எடுக்கவே கூடாது. டிக்கட் காசைச் சில்லறையாகச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலுக்கு நடுவே பேர்ஸை விரித்து ஐயாயிரம் ரூபா தாளுக்குப் பக்கத்திலிருந்து நூறு ரூபாவை உருவுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதைக்கும். எவ்வளவு இருக்கிறது, எந்தப் பொக்கட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவர் முழுதாகப் பார்த்துவிடுகிறார். அடிக்கடி பொக்கட்டைத் தட்டிப் பார்க்கிற பழக்கமும் அப்படித்தான். கோட்டை ரயில் நிலைய வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், யார் எங்கே காசு வைத்திருக்கிறார் என்று அவரவர் கையே காட்டும். தட்டாமல் கையை அந்தப் பொக்கட்டின் மேல் சும்மா வைத்துக்கொண்டு நடக்கலாம். புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமிகள் கைவண்டியோடு வரும்போது எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்குவார்களே, அங்கே கட்டாயம் கை அங்கேயே இருக்கட்டும்.

சம்பள நாளைத் தனியாக யோசியுங்கள். முழுச் சம்பளத்தையும் பேர்ஸில் போட்டுக்கொண்டு மாலை நெரிசலில் ஏறாதீர்கள். தையற்காரரிடம் சொன்னால் காற்சட்டையின் இடுப்புப் பட்டிக்கு உட்பக்கம் சின்ன உள்பொக்கட் ஒன்று தைத்துத் தருவார். தாளை மடித்து அதில் வைத்து வாயை சேப்டி பின்னால் குத்திவிடலாம், பயணத்தில் திறக்கத் தேவையில்லாத பொக்கட்டுக்கு அதைவிட மலிவான பூட்டு இல்லை. முதலாளிமார் சாரத்துக்கு மேல் கட்டும் அகலமான பட்டியில் பொக்கட் வைத்திருப்பதும் இதே எண்ணத்தில்தான். காசு உடம்போடு ஒட்டி, வயிற்றுப் பக்கம் இருக்கும். வங்கி அட்டை இருந்தால் அதன் இரகசிய இலக்கத்தை எந்தத் துண்டிலும் எழுதிப் பேர்ஸில் வைக்காதீர்கள்.

அடையாள அட்டைக்கு வருகிறேன். பொலிஸுக்குப் போகாமலே எடுக்கலாம் என்று உங்களுக்குச் சொன்னது பிழை. தொலைந்த அட்டைக்குப் பதிலாகப் புதிது கேட்டு விண்ணப்பிக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். இன்னும் போகவில்லை என்றால் நாளைக்கே போய் முறைப்பாடு போடுங்கள். பஸ் இலக்கம், நேரம், ஏறிய இறங்கிய இடம், பேர்ஸில் இருந்தவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பதிவு சரியாக இருக்கும். அடையாள அட்டை இலக்கத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், உங்கள் பெயரில் வேறு யாராவது அந்த அட்டையைப் பாவித்தால் அது தொலைந்த திகதிக்கு அந்தப் பதிவுதான் சாட்சி. வங்கி அட்டையும் போயிருந்து இன்னும் நிறுத்தவில்லை என்றால், பொலிஸுக்குப் போகுமுன் வங்கிக்குத்தான் முதல் அழைப்பு.

முறைப்பாட்டுப் பிரதியோடு வெள்ளவத்தையில் உங்கள் பகுதி கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். விண்ணப்பத்தை அவர் உறுதிப்படுத்துவார், பிரதேச செயலகம் வழியாக அது ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். அவசரம் என்றால் திணைக்களத்தின் பத்தரமுல்லை அலுவலகத்தில் ஒருநாள் சேவை இருக்கிறது, அதற்கும் கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டும். சாரதி அனுமதிப் பத்திரமும் அந்தப் பேர்ஸில் இருந்திருந்தால் அதையும் அதே முறைப்பாட்டில் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு தடவை பொலிஸ் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டி வரும்.