மனாமாவின் முத்து – கடிதம்

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

உங்கள் வளைகுடாக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். 2025 செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல் கத்தார் தலைநகர் தோஹாவில் குண்டு போட்டது. எட்டே நாளில் சவூதியும் பாகிஸ்தானும் ரியாத்தில் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஒருவரைத் தாக்கினால் இருவரையும் தாக்கியதாகக் கொள்வார்களாம். எங்கள் ஊர் ஜும்ஆ பயானில்கூட (வெள்ளிக்கிழமை உரையில்) இதைச் சொல்லி துஆ கேட்டார்கள். 57 முஸ்லிம் நாடுகள், இவ்வளவு எண்ணெய், ஒரு நாட்டிடம் அணுகுண்டு. நேட்டோ மாதிரி ஒரே படையாக நின்றிருந்தால் காஸாவில் இப்படி நடந்திருக்குமா? நம்மவர்களால் ஏன் ஒன்றுசேர முடியவில்லை? ஷியா–சுன்னி சண்டையா, மேற்கத்தியச் சதியா, ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டதா? இந்த ஒப்பந்தத்தையாவது ஒரு தொடக்கம் என்று நம்பலாமா?

ர., காயல்பட்டினம்

வ அலைக்கும் ஸலாம் தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் செப்டம்பர் 15 அன்று தோஹாவில் கூடிய அரபு–இஸ்லாமிய உச்சி மாநாட்டுப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 2017 ஜூனில் கத்தாருக்கு வான், கடல், தரை என்று எல்லா வழியையும் அடைத்து மூன்றரை ஆண்டு தனிமைப்படுத்திய அதே அண்டை வீட்டார்கள் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும். அந்த எரிச்சலோடு இருக்கும்போது உன் கடிதம் வந்தது. கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் மூன்று காரணங்கள். அஜர்பைஜானில் பெரும்பான்மை ஷியாக்கள், ஈரானிலும் ஷியாக்கள். ஆனால் ஈரான் நெருக்கமாக இருந்தது கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு. 2020-இல் அந்த இரண்டு அண்டை நாடுகளும் மோதிய கராபாக் போரில் அஜர்பைஜானுக்குத் தோள் கொடுத்தது சுன்னி துருக்கி, ஆயுதம் விற்றது இஸ்ரேல். ஷியா–சுன்னி கணக்கு இங்கேயே உதைக்கிறதா? சதி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1962-இல் ஏமனுக்குப் படை அனுப்பியவர் எகிப்து அதிபர் நாசர். அங்கே அவருக்கு எதிராகப் போரிட்டவர்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவூதி. 1967 ஜூனில் இஸ்ரேல் அடித்தபோது எகிப்தின் பல்லாயிரம் வீரர்கள் சினாயில் இல்லை, ஏமன் மலைகளில் இருந்தார்கள். இதை எந்த வெள்ளைக்காரன் தலையில் கட்டப்போகிறாய்? ஈமான் குறைந்தது என்பதைப் பற்றி நான் பேசமாட்டேன். அடுத்தவன் ஈமானை அளந்து பார்க்க உன்னிடமும் படி இல்லை, என்னிடமும் இல்லை. அதை எழுதும்போது உனக்குக் கை கூசியிருக்க வேண்டும்.

நேட்டோவையும் விட்டுவிடு. கிரீஸும் துருக்கியும் 1952-இல் ஒன்றாக உள்ளே போன நாடுகள். 1974-இல் சைப்ரஸில் போர் விளிம்புக்கே போனார்கள்.

‘ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதுபோல’ என்ற வாக்கியம் உனக்குப் புதிதாக இருக்கலாம். 1950-இல் அரபு லீக் நாடுகள் போட்ட கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. 2000 டிசம்பரில் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் வளைகுடா நாடுகள் ஆறும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அந்த ஆறில் மூன்று சேர்ந்துதான் பதினேழு ஆண்டு கழித்து நாலாவதான கத்தாரின் கழுத்தை நெரித்தன. 2015 டிசம்பரில் சவூதி இளவரசர் முஹம்மது பின் சல்மான் 34 நாடுகளின் இஸ்லாமிய ராணுவக் கூட்டணி என்று அறிவித்தார். தாங்களும் அதில் இருக்கிறோமா என்று பட்டியலில் இருந்த சில நாடுகளே திகைத்தன.

இவ்வளவு எழுதிவிட்டு, உன் அடிப்படைக் கேள்வியையே நான் ஏற்கவில்லை என்று சொன்னால் கோபப்படாதே. முஸ்லிம் நாடுகளின் ராணுவங்கள் ஒன்றுசேர முடியவில்லை என்று யார் சொன்னது? ஒன்றுசேர்கின்றன. சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு வருகின்றன. நானே பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

மனாமாவில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலம் அது. எங்கள் வேன் தினமும் லூலு (முத்து) ரவுண்டானாவைச் சுற்றித்தான் போகும். நடுவே வெள்ளையாக ஆறு பாய்மரங்கள் வளைந்து எழுந்து உச்சியில் ஒரு முத்தைத் தாங்கி நிற்கும். 1982-இல் வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் உச்சி மாநாடு பஹ்ரைனில் நடந்ததை ஒட்டிக் கட்டியது. ஆறு பாய்கள் ஆறு நாடுகள். ஊருக்குப் புதிதாக வருகிறவனுக்கு வழி சொல்வதென்றால் அதிலிருந்துதான் ஆரம்பிப்போம். 500 ஃபில்ஸ் நாணயத்திலும் அதே முத்துதான்.

2011 பிப்ரவரி 14 அன்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ரவுண்டானா புல்தரையில் கூடாரங்கள் முளைத்தன. பஹ்ரைனில் குடிமக்களில் பெரும்பாலோர் ஷியாக்கள், ஆளும் குடும்பம் சுன்னி. ஆனால் அவர்கள் முதலில் கேட்டது அதிகாரமுள்ள நாடாளுமன்றம், வேலை, வீடு. 17-ஆம் தேதி விடிவதற்குள் போலீஸ் உள்ளே புகுந்தது. உயிர்கள் போயின. இரண்டு நாளில் ஜனங்கள் திரும்பவும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மார்ச் 14 அன்று சவூதிப் பக்கத்திலிருந்து கடல் பாலம் வழியாகப் படை வந்தது. சுமார் 1,000 சவூதி வீரர்கள், அமீரகத்திலிருந்து சுமார் 500 போலீஸ். தீபகற்பக் கேடயப் படை என்று பெயர். உன் கடிதத்தில் கேட்டாயே, பல முஸ்லிம் நாடுகள் சேர்ந்த ஒரே படை, அதுதான் இது. 1980களின் தொடக்கத்தில் உருவாக்கி, சவூதியின் வடகிழக்கில் ஹஃபர் அல்பாத்தின் பக்கம், குவைத் எல்லைக்கு அருகிலேயே தளம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 1990 ஆகஸ்ட் 2 அன்று சத்தாம் ஹுசைன் குவைத்துக்குள் நுழைந்தபோது அந்தப் படையால் ஒன்றும் ஆகவில்லை. குவைத்தை மீட்க அமெரிக்கா வர வேண்டியிருந்தது. அதே படை 2011-இல் ஆயுதமில்லாத கூட்டத்துக்காகக் கிளம்பி வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்னால் மன்னரே அமைத்த பஸ்யூனி விசாரணைக் குழு, வெளியிலிருந்து வந்த படை மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக ஆதாரம் இல்லை என்றது. அவர்கள் முக்கியமான இடங்களுக்குக் காவல் நின்றார்கள். அதனால் உள்ளூர்ப் படைக்குக் கை ஒழிந்தது, அது ரவுண்டானாவைப் பார்த்துக்கொண்டது. போராட்டத்தை ஈரான்தான் தூண்டியது என்ற அரசின் குற்றச்சாட்டுக்கும் அந்தக் குழுவுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

மார்ச் 16 அன்று கூடாரங்களைத் துடைத்தெடுத்தார்கள். 18 அன்று முத்தையே இடித்தார்கள். ஆறு நாட்டு ஒற்றுமைக்காகக் கட்டியதை, ஆறு நாட்டுப் படை ஊருக்குள் இருக்கும்போதே இடித்தார்கள் தம்பி. பாய்மரம் ஒன்று கிரேன் மேல் விழுந்து, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி செத்துப்போனார். நாணயத்தையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சந்திப்புக்கு ஃபாரூக் என்று பெயர் வைத்தார்கள். உமர் ரலி அவர்களைக் கலீஃபாவாக ஏற்காத ஷியாக்கள் வாழும் ஊரில் தேடிப்பிடித்து அவருடைய பட்டப்பெயர். அந்த மாபெரும் கலீஃபாவுக்கு இதைவிட அவமரியாதை செய்ய முடியாது.

எங்கள் கிச்சனில் கோஹாட்டைச் சேர்ந்த பட்டாணியர் ஒருவர் ரொட்டி போடுவார், கான் பாய் என்போம். பஹ்ரைன் போலீஸில் பாகிஸ்தானியர்கள் நிறைய. அந்தக் கோபத்தில் போராட்டக்காரர்களில் சிலர் அப்பாவிப் பாகிஸ்தானித் தொழிலாளிகளை அடித்தார்கள். அதையும் நான் மறைக்கப்போவதில்லை. கான் பாய் அந்த நாட்களில் ஸ்டோரில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் படுத்தார். கதவை நான் வெளியே பூட்டுவேன். ஒருநாள் இரவு ஊரிலிருந்து அவர் அண்ணன் போன் செய்தார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். பஹ்ரைன் நேஷனல் கார்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது, சம்பளம் எவ்வளவு தேறும், விசாரித்துச் சொல் என்றார். கான் பாய் போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு, ‘இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நீ வராதே’ என்றார். எனக்குத் தெரிந்த உருதுவுக்கு அவ்வளவுதான் புரிந்தது. அண்ணன் விடவில்லை, சம்பளத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுதான் இருக்கிற ராணுவ ஒத்துழைப்பு. நீ ஏக்கப்படுகிற ஒன்று நடக்காததற்கு இதுவே காரணம் என்பது என் கட்சி. ஒரு ராணுவம் யாரைப் பார்த்துத் துப்பாக்கியைத் திருப்பி வைத்திருக்கிறது என்று கேட்டுப் பார். சவூதியில் ராணுவம் ஒன்று, அதற்குப் போட்டியாக நேஷனல் கார்டு ஒன்று. ஈரானில் ராணுவத்துக்குப் பக்கத்திலேயே புரட்சிக் காவல் படை. சத்தாம் காலத்து இராக்கில் குடியரசுக் காவல் படை. ஒரு படையை இன்னொரு படை கண்காணிக்கும் ஏற்பாடு. ராணுவமே ஆட்சியைக் கவிழ்த்த கதைகள் எகிப்தில் 1952, இராக்கில் 1958, லிபியாவில் 1969, பாகிஸ்தானில் கணக்கு வைத்து மாளாது. சொந்தத் தளபதியையே நம்பாத ஆட்சியாளர் பக்கத்து நாட்டுத் தளபதி கையில் படையைக் கொடுப்பாரா?

1991 மார்ச்சில் ஒரு வாய்ப்பு வந்தது. குவைத் மீண்ட கையோடு, ஆறு வளைகுடா நாடுகளும் எகிப்தும் சிரியாவும் டமாஸ்கஸில் கூடி, எகிப்திய–சிரியப் படைகளை வைத்து வளைகுடாவுக்கு ஒரு நிரந்தர அரபுக் காவல் என்று பிரகடனம் செய்தன. இரண்டு மாதத்தில் எகிப்து தன் வீரர்களைத் திருப்பி அழைக்க ஆரம்பித்துவிட்டது. செப்டம்பரில் குவைத்தும், அடுத்த மாதம் பஹ்ரைனும் அமெரிக்காவோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. மன்னர்கள் கண்ணுக்கு அமெரிக்கச் சிப்பாய் ஆபத்தில்லாதவன். அவன் வாடகைக்கு வந்தவன், அரியணை கேட்கமாட்டான். எகிப்தியச் சிப்பாய் அரபி பேசுவான், கடைத்தெருவில் டீ குடிப்பான், ஊர்க் கதை கேட்பான். அமெரிக்காவின் ஐந்தாவது கப்பற்படைக்கு மனாமாவில் இருக்கும் வசதி எங்கள் கம்பெனி லேபர் கேம்பில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதை எரிச்சலோடு பதிவு செய்கிறேன்.

நம்பலாமா என்று கேட்டிருந்தாய், மறந்தே போனேன். ரியாத் ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் ஆகுமுன் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் எல்லையில் சுட்டுக்கொண்டன. கத்தாரும் துருக்கியும் தோஹாவில் உட்கார வைத்துச் சமாதானம் பேசின. அணுகுண்டைப் பற்றிக் கேட்காதே. பிள்ளைகள் படிக்கிற தளம் இது, குண்டைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்கு மனமில்லை.

ஒற்றுமை வேண்டும் என்கிறாயே, நான் மதிக்கிற இரண்டு நாட்களைச் சொல்கிறேன். 2003 மார்ச் 1. இராக்கைத் தாக்க அமெரிக்கப் படை துருக்கி வழியாகப் போகட்டுமா என்று துருக்கி நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. தேவையான பெரும்பான்மை வரவில்லை, தீர்மானம் தோற்றது. அமெரிக்கா வேறு வழியாக இராக்குக்குள் போனது என்பது வேறு விஷயம். இரண்டாவது, 2015 ஏப்ரல் 10. ஏமன் போருக்குப் படை கேட்டது சவூதி. பாகிஸ்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நாள்கணக்கில் விவாதித்து, நடுநிலை வகிப்போம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டன. இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அமீரக அமைச்சர் ஒருவர் வெளிப்படையாகவே மிரட்டினார். அந்த இரண்டு நாளும் கேட்கப்பட்டது ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம். 2025 செப்டம்பரில் ரியாத்தில் அப்படியொரு விவாதம் நடந்த பிறகா கையெழுத்துப் போட்டார்கள்? சவூதியில் கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது.

காஸாவை நினைத்து உனக்குத் தூக்கம் வரவில்லை என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும்தான். அதற்காக எந்தச் சிப்பாயைப் பார்த்தாலும் ‘நம்ம படை’ என்று துள்ளாதே. அடுத்த ஜும்ஆவில் பயான் முடிந்ததும் ஹஜ்ரத்திடம் போய், மரியாதையாக, அந்த 2015 ஏப்ரல் தீர்மானத்தைப் பற்றிக் கேட்டுப் பார். தெரியாது என்றால் நீயே எடுத்துச் சொல்.

துஆவுடன்,
காக்கா