மூன்று மொழி கேட்டால் பிள்ளை குழம்புமா?

கேள்வி: மகனுக்கு 2 வயதும் 2 மாதமும். நாங்கள் வீட்டில் தமிழ், பிள்ளையைப் பார்க்க வருகிற அக்கா சிங்களம், போனில் ஓடுவதெல்லாம் ஆங்கிலம். "அம்மா", "தா", "கா" என்று ஐந்தாறு சொல்தான் வருகிறது. இருவரும் வேலைக்குப் போவதால் போனைக் காட்டித்தான் சாப்பாடு தீத்துகிறோம். மொழி கூடிப்போய்க் குழம்பிவிட்டான், இனி ஆங்கிலம் மட்டும் கதையுங்கள், மூளை வளர்ச்சி வகுப்பிலும் சேருங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர். என்ன செய்ய?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பிள்ளையின் பேச்சு பின்தங்காது. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள், அந்த அக்காவிடம் "வத்துர" என்று தண்ணீர் கேட்டால் அதுவும் ஒரு சொல்தான். ஆனால் அப்படி எண்ணியும் ஐந்தாறுதான் என்றால் இந்த வயதுக்குக் குறைவு. 2 வயதில் 50 சொல்லளவும், "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்வதும் எதிர்பார்ப்போம். அதனால் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல், பிள்ளையின் சுகாதாரக் கொப்பியோடு இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், காதையும் சோதிக்கக் கேளுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கட்டி நிற்கலாம், பெரும்பாலும் வலி இருக்காது, நாம் கதைப்பது மட்டும் மங்கலாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரலால் எதையும் காட்டுவதில்லை என்றால் நேரே சிறுவர் வைத்தியரிடமே போங்கள்.

எனக்குப் பெரிய கவலை போன்தான். போன மாதம் உங்கள் பக்கத்துக் கடற்கரை ரயில் பாதையோரம் ஓர் அம்மம்மாவையும் பேரனையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் கூவிக்கொண்டு வர, பிள்ளை கையை நீட்டி "ஊ" என்றான். "ஓமடா, ரயில் வருது, எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். ரயில் கடந்து, சத்தம் அடங்கி, கொஞ்சம் கழிந்துதான் "போச்" என்றான். "போச்சு, ரயில் போச்சு" என்றார் அம்மம்மா. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைத்தான் எந்தக் காணொளியும் செய்யாது, பிள்ளை வாயைத் திறக்கும் முன்னே அடுத்த பாட்டு வந்துவிடும். முதல் சில வருடங்களில் மூளை நரம்புகள் இப்படிக் கேட்டும் பதில் சொல்லியும்தான் ஒன்றோடொன்று பிணைகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் 2 வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்றுதான்.

வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், இராச் சாப்பாட்டில் மட்டும் போனை வேறு அறையில் வையுங்கள். பாயில் இருத்தி, சோற்றை அவனே அள்ளட்டும். முதல் சில நாள் அழுவான், குறையச் சாப்பிடுவான், பயப்படாதீர்கள். அந்த அக்காவிடமும் சொல்லுங்கள், சிங்களத்திலேயே தாராளமாகக் கதைக்கட்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 மணித்தியாலத்துக்குக் குறையாமல் தூங்கவும் வேண்டும். வகுப்பு வேண்டாம், அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: 4 வயது மகளுக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பது மாமியின் வழக்கம். சரியாகச் சாப்பிடுகிறாளும் இல்லை, எப்போதும் சோர்வு. ஞாபகசக்திக்கு சிரப் வாங்கிக் கொடுக்கலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: சிரப் வேண்டாம், முதலில் இரத்தம் சோதியுங்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை சோர்ந்துபோகும், கவனம் நிற்காது, படிப்பதும் மெதுவாகும். தேயிலையில் உள்ள சாயச்சத்து சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. அதனால் சாப்பாட்டோடு தேத்தண்ணியை நிறுத்திவிட்டு நெத்தலி, முட்டை, ஈரல் கொடுங்கள், கீரை என்றால் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள், அதிலுள்ள விட்டமின் சி இரும்பு சேர உதவும். இரும்பு மருந்து வேண்டுமா என்பதை இரத்தச் சோதனை பார்த்து வைத்தியர் சொல்லட்டும், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மாமியிடம் கோபப்படாமல், கிளினிக் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மிட்வைஃப் சொன்னால் கேட்பார்.