சுழல்கதவின் பின்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் அமெரிக்காவில் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் படிக்கிறாள். அங்கே இரண்டு நாள் இருப்போம். அவள் பல்கலைக்கழகம், பழைய அமெரிக்க அதிபர்களின் வீடுகளான மாண்டிசெல்லோ (ஜெபர்சன்), ஹைலேண்ட் (மன்றோ), மான்ட்பீலியர் (மேடிசன்) என நான்கையும் பார்த்துவிடலாமா? மனைவிக்கு மூட்டுவலி. மாண்டிசெல்லோவில் ஜெபர்சனின் கண்டுபிடிப்புகளை விட்டுவிட்டு அடிமைகளைப் பற்றியே பேசி அறுக்கிறார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் நண்பர் கண்டுபிடிப்புகளையும் சரியாகப் பார்க்கவில்லை.

மாண்டிசெல்லோவின் சாப்பாட்டறையில் கணப்பின் இரு பக்கமும் சிறு கதவுகள் உண்டு. உள்ளே ஏறி இறங்கும் பெட்டி. காலி ஒயின் பாட்டில் கீழே போகும், நிறைந்தது மேலே வரும். எல்லோரும் வாய் பிளப்பார்கள். பாட்டில் தானாக வருமா? நேர் கீழே ஒயின் நிலவறையில் ஓர் அடிமை நின்று ஏற்றினார். அதே அறைக்கு ஒரு சுழல்கதவு, ஒரு பக்கம் அலமாரித் தட்டுகள் வைத்தது. நடையில் நின்று உணவை அடுக்கித் திருப்பினால் உணவு மட்டும் உள்ளே போகும், சுமந்து வந்தவர் போகமாட்டார். சமையலறை தெற்கு மேல்தளத்தின் அடியில், மலைச்சரிவோடு சேர்த்துப் புதைத்தது. பொறியியல்தான், யார் மறுத்தார்கள்? எதற்கான பொறியியல் என்று கேட்க வேண்டாமா? வாழ்நாளில் 600 பேருக்கு மேல் உடைமையாக வைத்திருந்தவர், அவர்கள் கண்ணில் படாமல் வேலை நடக்கக் கட்டிய வீடு அது. அடிமைகளை விட்டுவிட்டு அந்தக் கதவை எப்படி விளக்குவது?

ஆகவே குறித்த நேரச் சீட்டுக்கு ஒன்றரை மணிநேரம் முன்பே மலைமேல் போய்விடுங்கள். பேருந்து இருக்கிறது. முதலில் நிலவறை. கூடத்துக் கடிகாரத்தின் எடைகள் கிழமை காட்டியபடி இறங்கும். இடம் போதாமல் தரையைத் துளைத்துவிட்டார், சனிக்கிழமை கீழே நிலவறையில் இருக்கிறது. அடுத்து, தெற்குச் சிறகில் 2018-இல் திறந்த சாலி ஹெமிங்ஸின் அறை; ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப்பெண் அவர். பிறகு அடிமைகள் வாழ்ந்து உழைத்த தெரு, மல்பெரி ரோ: 1794-இல் தொடங்கிய ஆணிப்பட்டறை அங்கேதான், வேலை செய்தவர்கள் பத்து முதல் பதினாறு வயதுப் பையன்கள். வீடு கடைசியில். குவிமாட அறைக்குத் தனிச்சீட்டு, படிகள் ஒடுக்கம், செங்குத்து. உங்கள் மனைவியை அதில் ஏற்றிவிடாதீர்கள், பாவம்.

ஹைலேண்டை விடுங்கள். நிற்பது மன்றோவின் பிரதான வீடல்ல, விருந்தினர் வீடு என்று 2016-இல் தெரிந்துவிட்டது. மான்ட்பீலியருக்கு அரை நாள் வேண்டும்; அங்கும் நிலவறைதான் முக்கியம், செங்கல் காயுமுன் பதிந்த அடிமைகளின் விரல்தடங்களைத் தேடிப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தை மகள் காட்டுவாள். அதைக் கட்டியும் பராமரித்தும் உழைத்த அடிமைகளுக்கு 2020-இல் முடித்த நினைவுவட்டம், பல்கலைக்கழகத்தின் குவிமாடக் கட்டடமான ரோட்டண்டாவின் அதே 80 அடி விட்டம். வெளிச்சுவரில் செதுக்கிய, அங்கே அடிமையாக இருந்த இசபெல்லா கிப்பன்ஸின் கண்கள் சாய்வெயிலில்தான் தெரியும், உச்சிவேளையில் போகாதீர்கள். சாப்பாட்டுக்கு எதிரே கார்னர் என்ற கடைத்தெரு இருக்கிறது, எந்தக் கடை என்று அவளுக்குத் தெரியும்.