அவ்வா பேசிய தெலுங்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். நெசவுக் குடும்பம். அவ்வா (பாட்டி) இருந்தவரை அவரும் நாயனாவும் (அப்பா) தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் தடுமாறக் கூடாது என்று அம்மா எங்களிடம் தமிழ் மட்டுமே பேசினார். இன்று தெலுங்கு கேட்டால் புரிகிறது, வாயில் வரவில்லை. ஆந்திராவில் இருக்கும் பலமனேரில் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். வேலை செய்யும் இடத்திலோ "நீங்க தெலுங்குக்காரங்கதானே" என்கிறார்கள். கணக்கெடுப்புக்கு வந்து தாய்மொழி கேட்டால் எதைச் சொல்வது? நான் யார் அக்கா?

எஸ்., காட்பாடி

அன்புள்ள எஸ்.,

கணக்கெடுப்புக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. சின்ன வயதில் அம்மா உங்களிடம் பேசிய மொழி எதுவோ, அதுதான் அங்கே தாய்மொழி. அதன்படி உங்கள் அம்மா தெலுங்கு, நீங்கள் தமிழ். ஒரே வீடு, ஒரே அடுப்படி, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு தலைமுறையில் அந்த வீட்டுத் தெலுங்கு கணக்கிலிருந்து போய்விடுகிறது.

அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு இந்தச் சீமையின் கதை தெரியவில்லை. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர்தான். பலமனேரும் குடியாத்தமும் ஒரே ஜில்லா. கோடு அப்புறம் விழுந்தது.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர் வீடுகளில் உருது நிற்கிறதென்றால் அதற்குப் பள்ளிக்கூடமும் மதரசாவும் எழுத்தும் துணை நிற்கின்றன. நெசவாளர் தெலுங்குக்கு வாயும் தறியும்தான். என் சிறுவயதில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் குழித்தறியில் பாவு பிணைக்கும்போது இழைகளை ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ணுவார். நடுவே நாங்கள் எதையாவது கேட்டால் தமிழில் பதில் சொல்லிவிட்டு, விட்ட இழையிலிருந்து மறுபடி தெலுங்கில் எண்ணுவார். பிள்ளைகள் ஷூ கம்பெனிக்குப் போனார்கள். அந்த எண்ணிக்கைக்கு வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று.

இழப்பே இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். அவ்வா திட்டியதும் கொஞ்சியதும் புரிந்தது, அவர் மொழியில் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதற்காக அழத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் யார் என்ற கேள்வியை அதன்மேல் ஏற்றாதீர்கள். தமிழில் கடிதம் எழுதும்போதும் நாயனா என்றுதானே உங்களுக்கு வருகிறது? அந்தத் தமிழ் முழுக்க உங்களுடையது. அதில் யாருக்கும் நீங்கள் கடன்படவில்லை.

சரி, இனி என்ன செய்யலாம்? சிறுவயதில் காதில் விழுந்த மொழியைப் பிறகு கற்றால், புதிதாகக் கற்பவர்களைவிட உச்சரிப்பு நன்றாக வரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாதி வேலையை அவ்வா செய்து வைத்திருக்கிறார். டிவி செய்தியைப் பார்த்துத் தொடங்காதீர்கள், அது உங்கள் வீட்டுப் பேச்சு அல்ல. வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? நாயனாவிடம் சாப்பிட்டாச்சா என்று தெலுங்கிலேயே கேளுங்கள். அவர் பழக்கத்தில் தமிழில் பதில் சொல்வார். விடாதீர்கள், அடுத்ததையும் தெலுங்கில் கேளுங்கள். பலமனேர்க்காரர்களிடமும் அதே தப்பும் தவறுமான தெலுங்கில் பேசுங்கள். கொஞ்ச நாள் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே திருத்திக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
அக்கா