கொடைக்கானல் வீட்டை விக்கிறோம், அம்மா மட்டும் வரமாட்டேங்கிறாங்க

கேள்வி: அக்கா, எங்க தாத்தா அந்தக் காலத்துல கொடைக்கானல்ல ஒரு சின்ன ஓட்டு வீடு வாங்கிப் போட்டாங்க. வருஷா வருஷம் முழுப் பரீட்சை லீவு விட்டதும் பெரியப்பா, அத்தை, நாங்கன்னு எல்லாரும் அங்கதான். இப்ப தாத்தா பாட்டி இல்ல, வீடும் ஒழுகுது, விக்கிறதா முடிவாகி அட்வான்ஸும் வாங்கியாச்சு. அத்தை மட்டும் 'கடைசியா மே மாசம் எல்லாரும் ஒரு வாரம் தங்குவோம், அப்புறம்தான் கையெழுத்து'ன்னு அடம் பிடிக்கிறாங்க. பிள்ளைங்க நாங்க ரெடி, ஆனா எங்கம்மா 'நான் வரல, ஆளை விடுங்க'ங்கிறாங்க. துக்கம் தாங்காமத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு நினைக்கிறேன், எப்படி சமாதானப்படுத்துறது? அங்க இருக்க பேரி மரத்துல இருந்து ஒரு கன்னு எடுத்து வந்து இங்க வைக்கலாமா?
- மதுரை வாசகி

பதில்: துக்கம்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களே, அம்மாகிட்ட கேட்டீங்களா? லீவு உங்களுக்கு இருந்துச்சு, அவங்களுக்கு இருந்துச்சா? கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம், அங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும், அதுக்கு மேல சூடு ஏறாது, குக்கர் இல்லாம பருப்பு போட்டா அது பாட்டுக்கு கொதிச்சுக்கிட்டே கிடக்கும், வேகாது. இட்லி மாவு குளிர்ல பொங்காது, அதுக்கு ஒரு கம்பளி சுத்தி அடுப்புப் பக்கத்துல வைக்கணும். ஈர விறகை ஊதி ஊதி அத்தனை பேருக்கும் வெந்நீர் போட்டு, நீங்க ஏரியச் சுத்தி சைக்கிள் ஓட்டிட்டு பசியோட வந்து நிக்கிறதுக்குள்ள டிபன் ரெடியா இருக்கணும். மருமகளுக்கு மதுரை அடுப்படில இருந்து மலை அடுப்படிக்கு டிரான்ஸ்ஃபர், அவ்வளவுதான்! என் கணிப்பு தப்பாகூட இருக்கலாம், ஆனா முதல்ல அதைக் கேளுங்க. இந்தத் தடவை அடுப்பே பத்த வைக்கிறதில்ல, மூணு வேளையும் ஹோட்டல்தான்னு சொல்லிப் பாருங்க. அப்பவும் வரலன்னா விட்டுருங்க, வழியனுப்பு விழாவுக்கு எல்லாரும் வந்தே ஆகணுமா என்ன?

அத்தை விஷயத்துல அடம்ங்கிற வார்த்தை வேணாமே. அது தாத்தா சுயமா சம்பாதிச்சு வாங்கின வீடு, உயில் எழுதாம போயிருந்தா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கப்பா, பெரியப்பா மாதிரியே அத்தைக்கும் சரிபங்கு உண்டு, அந்தக் கையெழுத்து அவங்க போடுற பிச்சையும் இல்ல, நீங்க கேக்குற சலுகையும் இல்ல.

ஆனா மே மாசம் மட்டும் வேணாம்ப்பா. 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்தாச்சு, 2025 சீசனுக்கு ஐகோர்ட் வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டின்னு கணக்கே போட்டுச்சு, கடைசி வாரத்தை வெள்ளி அருவிகிட்ட டிராஃபிக்லயா கழிக்கப் போறீங்க? அக்ரிமென்ட்ல தேதி இடம் கொடுத்தா ஆடி, ஆவணில போங்க. டம்டம் பாறைல வண்டிய நிறுத்துனா மழைக்கப்புறம் எலிவால் அருவியும் நல்லா தெரியும், மரத்துல பேரிக்காயும் இருக்கும்.

கன்னு வேணாம். பேரிக்கு நல்ல குளிர் காலம் ஒண்ணு கழிஞ்சாத்தான் மொட்டு ஒழுங்கா விடும், மதுரைல அதுக்கு எங்க போறது? உசுரோட நின்னாலும் இலையத்தான் பாக்கணும். பழத்தைப் பறிச்சு சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் ஒரு பை கொடுங்க. வர்றப்ப மலைப்பூண்டு வாங்கிக்கங்க, 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச சரக்கு, கட்டித் தொங்கவிட்டா நாள்பட இருக்கும்.

கேள்வி: எங்க சித்தப்பாவும் கொடைக்கானல் வீட்டை வித்துட்டாரு. குறிஞ்சி பூக்குறப்ப அங்க தங்கிப் பாக்கலாம்னு இருந்தோம். அடுத்து எப்ப பூக்கும்?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, பன்னெண்டு வருஷக் கணக்குப்படி அடுத்து 2030. திண்டுக்கல்காரருக்குத் தங்க வீடு எதுக்குங்க? காலைல பஸ் ஏறுனா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம், அரசு பஸ்ஸுக்கு இ-பாஸும் கிடையாது.