நமக்குச் சளி பிடித்தால் பூனைக்கும் தொற்றுமா?

கேள்வி: நாலு நாளாக எனக்குச் சளி, காய்ச்சல். என்னோடு ஒரே படுக்கையில் தூங்கும் பூனை நேற்றிலிருந்து தும்முகிறது. ஒரு கண்ணில் நீர் வடிகிறது. என்னிடமிருந்து தொற்றியிருக்குமா டாக்டர்? நான் போடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையை முதலில் எட்டாத இடத்தில் வையுங்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. உடலில் தேங்கும் நச்சு சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே நச்சு அறிகுறிகள் வரலாம். 500 மி.கி. மாத்திரையில் கால் பங்கு என்பது 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 31 மி.கி.! ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். நச்சை முறிக்கும் மருந்து (அசிட்டைல்சிஸ்டீன்) முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாகக் கேட்கும். இபுபுரோஃபென், மூக்கடைப்பு மாத்திரை, யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எதுவும் வேண்டாம்.

இனி தொற்று. நமக்கு வரும் சாதாரண ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் ரைனோவைரஸ்தான் காரணம். அது பூனைக்குத் தொற்றுவதில்லை. இன்ஃப்ளூயன்சாவும் கொரோனாவும் தொற்றும். 2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பரவலின்போதும், 2020 முதல் கோவிட் காலத்திலும், வீட்டில் நோயுற்றவர்களிடமிருந்து பூனைகளுக்குத் தொற்றியது பரிசோதனையில் உறுதியானது. கோவிட் பெரும்பாலும் லேசாகவே வந்துபோனது; எச்1என்1 சில பூனைகளுக்கு நிமோனியாவாகி உயிரையும் பறித்தது. ஆகவே காய்ச்சல் இருக்கும்வரை பூனையை வேறு அறையில் தூங்க வையுங்கள். உணவு வைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள், கை கழுவுங்கள், முத்தம் வேண்டாம். பூனைக்கு முகக்கவசம் மாட்டவோ உடம்பில் சானிடைசர் தடவவோ கூடாது.

ஆனால் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, பூனைகளுக்கே உரிய ஹெர்பெஸ் வைரஸையோ கிளமிடியா என்ற பாக்டீரியாவையோதான் எனக்கு முதலில் நினைவூட்டுகிறது. ஹெர்பெஸ் ஒருமுறை வந்தால் நரம்புக்குள் ஒளிந்துகொள்ளும். பூனை மிரண்டாலோ அன்றாட வழக்கம் குலைந்தாலோ மறுபடி தலைதூக்கும். தடுப்பூசி போட்ட பூனைக்கும் வரலாம், வேகம் குறைவாக இருக்கும். இந்த ஹெர்பெஸ் உங்களுக்குத் தொற்றாது.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு துடைப்புக்கு மட்டும். மூக்கு அடைத்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. ஈர உணவை லேசாகச் சூடாக்கி வையுங்கள். வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் 10 நிமிடம் உங்களோடு வைத்திருக்கலாம். தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள்.

தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதைத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் நள்ளிரவானாலும் அவசரம்தான். 24 மணி நேரம் சாப்பிடாத பூனையையும் தள்ளிப்போடாதீர்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படியும், குண்டுப் பூனைக்குச் சீக்கிரமே. கண்ணை இடுக்கிக்கொண்டாலோ சளி மஞ்சள், பச்சையானாலோ பரிசோதனை தேவை. போகும்போது உங்கள் காய்ச்சலையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தச் சோதனை எடுப்பது என்பதையே அது மாற்றக்கூடும்.