கடைக்கும் கிளைக்கும் ஒரே 192.168.1 முகவரிகளை வைக்கலாமா?

வைக்காதீர்கள். இரண்டாவது கடை திறக்கப் போகிறீர்கள், கணினிகளின் முகவரிக்கு ரவுட்டரில் வந்த தொடக்க எண்ணையே விட்டுவிட நினைக்கிறீர்கள் என்று விளங்குகிறது. நானும் அப்படித்தான் விட்டேன்.

திருகோணமலை நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடை, கிளை கிண்ணியாவில். இரண்டு இடமும் 192.168.1. இரண்டு கடையையும் இணையம் வழியே ஒரே வலையமைப்பாக இணைக்க வி.பி.என் போட்டேன், இணைந்துவிட்டது என்றே காட்டியது. ஆனால் கிண்ணியாவில் பில் மென்பொருள் திறக்கவில்லை. நகரில் பில் சர்வருக்கு 192.168.1.10. கிண்ணியாவில் அதே எண்ணில் ஒரு பிரின்டர். அங்குள்ள கணினிக்கு அந்த எண் பக்கத்து மேசை, வி.பி.என் பக்கம் அனுப்பவே அனுப்பாது. இது பிடிபட இரண்டு நாள் ஆனது. கிண்ணியாப் பாலத்தில் எத்தனை தடவை போய் வந்தேனோ! பாலம் திறந்தது 2009இல். அதற்கு முந்திய காலமென்றால் ஒவ்வொரு தடவையும் படகுக்குக் காத்து நின்றிருப்பேன்.

கடை பூட்டிய பிறகு ராத்திரியோடு ராத்திரியாக நகரை 10.37.1 என்றும் கிண்ணியாவை 10.37.2 என்றும் மாற்றினேன். ஒன்பது கணினியிலும் சர்வரின் எண்ணைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. கேமராப் பெட்டியின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

10இல் தொடங்கும் எல்லாமே உள்வலையமைப்புக்கு ஒதுக்கியவை, ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். 172இல் 16 முதல் 31 வரை மட்டும்தான். 172.32 வெளியுலக முகவரி, அதை உள்ளே வைத்தால் அந்த எண்ணில் இருக்கும் உண்மையான தளம் உங்களுக்குத் திறக்காது. மூன்றாவது 192.168. ஆர்.எஃப்.சி 1918 என்ற ஆவணத்தில் 1996இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். 10 வைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 10.0.0 வேண்டாம், அதுவும் பல ரவுட்டர்களில் பெட்டியோடு வருவது. முதலாளியின் வீட்டு ரவுட்டரிலும் அதே எண் இருந்தால், அவர் வீட்டிலிருந்து இணையும்போதும் இதே மோதல் வரும்.

"முகவரியை மாற்றாமல் நடுவில் நாட் (போகும் வழியிலேயே எண்ணை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) போட்டிருக்கலாமே" என்று எழுத வருபவர்களுக்கு: தெரியும், முடியும். ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் பழுதானால் அதை அந்தக் கடையில் யார் பார்ப்பது?

இன்னொன்று, கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். கொழும்பிலிருந்து ஆள் வந்தால் வான் வாடகையோடு காசு கொடுக்கிறார்கள். நமக்கு "தம்பி நம்மட பிள்ளைதானே" என்று ஒரு தேத்தண்ணி. அந்த ராத்திரி வேலைக்கு இன்னும் காசு வரவில்லை.